பொட்டிபுரம் முதல் அம்பிளிக்கை வரை: பெண்ணுடம்பும் ஆராய்ச்சிப் பணமும்

பொட்டிபுரம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நியூட்ரினோ. போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடையே மலையடிவாரத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊரின் பெயர், 2015 ஜனவரியில் நாடு முழுக்கத் தெரிந்தது. அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, ஐம்பதாயிரம் டன் எடையுள்ள காந்தக் கருவியை உள்ளே நிறுவி, கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளை ஆராயப்போகிறோம் என்றது ஒன்றிய அரசு. செலவு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். பிறகு உயர் நீதிமன்றத் தடை, 2017இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் நிறுத்தம், 2018இல் மறுபடி சுற்றுச்சூழல் அனுமதி, 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசின் எதிர்ப்பு என்று கதை நீண்டது. அந்தக் கதையை இங்கே நாங்கள் மறுபடி சொல்லப்போவதில்லை.

நாங்கள் கேட்க வந்த கேள்வி வேறு. அதே மலைச்சரிவில் தினமும் ஏறி இறங்குகிற பெண்களின் உடம்பைப் பற்றி, இந்த நாட்டின் ஆராய்ச்சிப் பணம் எப்போதாவது யோசித்திருக்கிறதா?

ஓர் ஒப்பீட்டுக்காகச் சொல்கிறோம். 2015-16 நிதியாண்டில் நாடு முழுமைக்குமான சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்டது 1,018 கோடி ரூபாய் அளவில்தான். இரண்டையும் தராசில் அப்படியே வைப்பது முழு நியாயமில்லை. நியூட்ரினோவுக்கான தொகை பல ஆண்டுகளுக்கானது, இது ஓர் ஆண்டுக்கானது. ஆனாலும் காசநோய், மலேரியா, புற்றுநோய், பேறுகாலச் சாவு என எல்லாவற்றையும் ஆராய நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு ஓராண்டில் கிடைத்த தொகை, ஒரே ஒரு மலைக்குள் வைக்கவிருந்த கருவிக்கான தொகையைவிடக் குறைவு என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நியூட்ரினோவை விடுங்கள். ஏலக்காயைப் பாருங்கள்.

போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியும் முன்னே ஜீப்புகள் கிளம்புகின்றன. போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகின்றன. அதில் பெரும்பகுதி பெண்கள். தலித் பெண்களும், நிலமில்லாத பிற சாதிப் பெண்களும். ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. செடியின் அடியில், தரையோடு தரையாகப் படர்கிற சரத்தில் காய்க்கும். அதனால் காய் எடுப்பது என்றால் நாள் முழுக்கக் குனிந்தோ குத்துக்காலிட்டோ இருப்பது. ஈரம், அட்டை, குளிர். போன வாரம் மருந்தடித்த செடிக்குள் இந்த வாரம் கைவிட்டு எடுப்பது. மருந்தடிப்பவர் பெரும்பாலும் ஆண். அதனால் பூச்சிமருந்தின் தீங்கு என்று பேச்சு வந்தால் அவர்தான் கண்ணில் படுவார். அடித்த பிறகு அதே இலைக்குள் எட்டு மணிநேரம் கை வைத்திருக்கிறவள் கண்ணில் படமாட்டாள்.

ஏலச்செடிக்கு ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. இடுக்கி மாவட்டம் பாம்பாடும்பாறையில் 1956இலிருந்து ஒன்று. மைலாடும்பாறையில் 1978இல் தொடங்கிய இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இன்னொன்று. செடிக்கு வரும் ‘கட்டே’ நோய், இலைப்பேன், காய்த்துளைப்பான், வேரழுகல் எல்லாவற்றுக்கும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். இருக்கட்டும், செடி பிழைத்தால்தான் கூலி. ஆனால் அந்தச் செடியடியில் குனிந்த முதுகுக்கும், அடிக்கடி பெண்கள் சொல்கிற வெள்ளைப்படுதலுக்கும், அடியிறக்கத்துக்கும், கை அரிப்புக்கும் என்று அப்படியொரு நிலையம் இந்த மலையில் யாரும் கட்டவில்லை. செடியின் நோய்க்குப் பெயர் இருக்கிறது. அவள் நோய்க்கு ‘உடம்பு முடியல’ என்பதுதான் பெயர்.

சட்டமும் செடியைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா தோட்டங்களுக்கு மருத்துவ வசதியும் பிள்ளைக் காப்பகமும் கட்டாயம் என்றது. ஏலக்காயை அதில் சேர்த்தது 1981ஆம் ஆண்டுத் திருத்தம். அப்போதும் ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டமாக இருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு இன்னொன்று என ஜீப்பில் போகிறவளின் பெயர் எந்தத் தோட்டத்துப் பதிவேட்டில் இருக்கும்? ஆள் தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். இரண்டு அரசுகளுமே அவளை மற்ற அரசின் பொறுப்பாக நினைத்துக்கொள்ள வசதியான எல்லைக்கோடு அது.

இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல, தோழர்களே. கொஞ்சம் பின்னால் போவோம்.

1885இல் சென்னையில் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பழைய ஆட்களுக்குக் ‘கோஷா ஆஸ்பத்திரி’. அதை உருவாக்கியவர் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய காலத்தில் முதலில் படித்த நால்வரில் ஒருவர். பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று அவர் போராடியது பெரிய காரியம். அதை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்த மருத்துவமனைக்கு வைத்த முழுப் பெயரைப் பாருங்கள்: சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை. ‘சாதிப் பெண்கள்’ என்றால் சாதி இந்துப் பெண்கள். கோஷா என்றால் திரைமறைவில் வாழ்ந்தவர்கள். எல்லாரும் வந்து போகிற பொது மருத்துவமனைக்கு, ஆண் மருத்துவரிடம், வரத் தயங்கியவர்கள் இவர்கள். அந்தத் தயக்கத்தை மதித்து அவர்களுக்கென்று கட்டடம் எழுந்தது, மகாராணியின் பெயர் கிடைத்தது, ஜமீன்தார்களின் நன்கொடை வந்தது. வீட்டுக்குள் இருந்த பெண்ணின் வெட்கம் ஒரு மருத்துவப் பிரச்சினையாக ஏற்கப்பட்டது. வயலிலும் தோட்டத்திலும் இருந்த பெண்ணுக்கு வெட்கம் இருக்கும் என்றே அந்தக் காலம் நினைக்கவில்லை. பெண் மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ‘பெண்’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகிறார்கள். பெயர்ப்பலகையிலேயே எந்தப் பெண் என்று எழுதியிருந்தது.

ஆராய்ச்சிக்கு வருவோம். ஏழைப் பெண்ணின் உடம்பு ஆராய்ச்சிக்கு வராமலே இருந்தது என்று சொன்னால் அது பொய். வந்தது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகளான பஞ்சாலைத் தொழிலாளப் பெண்கள் கடுமையான ரத்தசோகையில் சாவது ஏன் என்று ஆராய்ந்தார். நம் குன்னூர் பாஸ்டர் நிறுவன வளாகத்தில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்திலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை குணமாகிறது என்று 1931இல் எழுதினார். அதற்குள் இருந்த பொருள்தான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று உலகம் முழுக்கக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற மாத்திரையின் மூலம், பம்பாய்ச் சேரிகளின் பெண்கள். அது நல்ல ஆராய்ச்சி. பெண் நோய்க்காகப் பெண் ஒருவர் செய்த ஆராய்ச்சி. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019-21) 15 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. மருந்து கண்டுபிடிக்காததால் வந்த நிலை அல்ல இது.

லூசி வில்ஸ் பம்பாயில் வேலையைத் தொடங்கிய அதே 1928இல், அதே நகரத்தின் சட்ட மேலவையில் அண்ணல் அம்பேத்கர் மகப்பேறு நலச் சட்டவரைவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும், அது நாட்டின் நலன் என்றார். செலவை முதலாளி ஏன் ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் சொன்ன வாதம் இன்றும் கூர்மையானது: ஆணை வைப்பதைவிடப் பெண்ணை வைப்பதில் லாபம் அதிகம் என்பதால்தான் முதலாளி பெண்ணை வேலைக்கு வைக்கிறார், அந்த லாபத்தில் ஒரு பங்கை அவள் உடம்புக்குத் தருவதில் தவறென்ன? ஏலத்தோட்டத்துக்கு இந்த வாதத்தை அப்படியே எடுத்துப் போகலாம்.

பெண்ணுடம்பின் ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் இந்த நாட்டில் பணத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை. கர்ப்பப்பை. நோய்க்காக அல்ல, பிள்ளைப் பேற்றைத் தடுப்பதற்காக. ஊசிக் கருத்தடை மருந்தான நெட்-என் சோதனையில் ஏழைப் பெண்களுக்குச் சரியாக எதுவும் சொல்லவில்லை என்று ஸ்த்ரீ சக்தி சங்கடனா உள்ளிட்ட பெண் அமைப்புகள் 1986இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆண்களுக்கான ஊசிக் கருத்தடையை காரக்பூர் ஐ.ஐ.டி.யின் சுஜய் குஹா 1970களிலிருந்து ஆராய்ந்துவந்தார். 303 ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2023இல்தான் அச்சில் வந்தது. இடைப்பட்ட காலத்தின் விளைவு கணக்கெடுப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 57.8 விழுக்காடு. ஆண்கள் 0.1.

இனி அம்பிளிக்கைக்குப் போவோம். இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அந்த ஊர்தான்.

அம்பிளிக்கை, ஒட்டன்சத்திரம் பக்கம், பழனி மலைத்தொடருக்கு வடக்கே இருக்கிறது. 1985 வரை அதுவும் போடியும் ஒரே மதுரை மாவட்டம். 2000ஆம் ஆண்டில் அங்கே கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமூக நல மையத்தை நடுவமாக வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. நடத்தியது பிரான்சின் லியோன் நகரத்தில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. தலைமை ஆய்வாளர் ஆர்.சங்கரநாராயணன். பணம் பில் - மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையினுடையது. நோய், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்.

இந்த நோயைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எச்.பி.வி. என்ற கிருமியால் வருவது. கிருமி புகுந்து புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். இடையில் எப்போது பார்த்தாலும், புண்ணாக இருக்கும்போதே அழித்துவிடலாம். 1940களிலேயே ‘பாப்’ சோதனை வந்துவிட்டது. அதை ஒழுங்காகச் செய்த பணக்கார நாடுகளில் இந்தச் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆகவே இது பரிசோதனை எட்டாத பெண்களின் நோய். 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இதில் இறந்தார்கள்.

பாப் சோதனைக்கு ஆய்வகமும் படித்த நிபுணரும் வேண்டும். அதற்கு மாற்றாக, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, சமையல் வினிகர் மாதிரியான ஒன்றை, கர்ப்பப்பைவாயில் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் வெறுங்கண்ணால் பார்ப்பது போதுமா? இதுதான் அம்பிளிக்கை ஆராய்ச்சியின் கேள்வி. நல்ல கேள்வி. நம் ஊருக்கு வேண்டிய கேள்வி. திண்டுக்கல் மாவட்டத்தில் 114 பகுதிகளை எடுத்தார்கள். குலுக்கல் முறையில் 57 பகுதிகளில் 30 முதல் 59 வயதுவரையான 49,311 பெண்களுக்குச் சோதனை தருவது என்றும், மற்ற 57 பகுதிகளில் இருந்த 30,958 பெண்களுக்குத் தராமல் ‘வழக்கமான சிகிச்சை’யோடு விடுவது என்றும் பிரித்தார்கள். 2006 வரை இரண்டு பக்கமும் எத்தனை பேருக்கு நோய், எத்தனை சாவு என்று எண்ணினார்கள்.

முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது. சோதனை தந்த பக்கம் 83 மரணங்கள். தராத பக்கம், ஆட்கள் குறைவாக இருந்தும், 92. வயதையும் பிறவற்றையும் சரிசெய்து பார்த்தால் சோதனை தந்த பக்கத்தில் சாவு 35 விழுக்காடு குறைவு. ஒரே ஒரு முறை, ஒரு செவிலியர், கொஞ்சம் அமிலம். அவ்வளவுதான் செலவு.

உலகத்துக்கு இது பெரிய செய்தி. நாமும் அந்தச் செவிலியர்களை வணங்குகிறோம். ஆனால் அந்த 92 பேரைப் பற்றி யாராவது பேச வேண்டும். சோதனை தந்த பக்கத்தின் அளவுக்கே இந்தப் பக்கமும் சாவு குறைந்திருக்குமானால், முப்பது பெண்களாவது உயிரோடு இருந்திருப்பார்கள். அவர்கள் நம் அத்தைமார், சின்னம்மாமார் வயதுக்காரர்கள்.

இதே மாதிரி மும்பைச் சேரிப்பகுதிகளிலும், மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்திலும் ஆராய்ச்சிகள் நடந்தன. மும்பை ஆய்வுக்கு அமெரிக்க அரசின் பணம். மூன்றிலுமாகச் சோதனை தரப்படாமல் விடப்பட்ட பெண்கள் 1,38,624 பேர்; அவர்களில் குறைந்தது 254 பேர் இந்தப் புற்றால் இறந்தார்கள் என்று எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் 2014இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் எழுதினார். பாப் சோதனை உயிர் காக்கும் என்று தெரிந்த பிறகு, ஒன்றுமே தராத ஒரு கூட்டத்தை வைத்து எண்ணுவது அறமா என்பது அவர் கேள்வி.

ஆய்வாளர்கள் தரப்பின் பதிலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களுக்கு ஆராய்ச்சி இல்லாவிட்டாலும் எந்தப் பரிசோதனையும் கிடைத்திருக்காது. இந்தியாவில் வழக்கமான சிகிச்சை என்பதே சோதனையின்மைதான். பாப் சோதனையை இந்தக் கிராமங்களில் நடத்தவே முடியாது. வலுவான சான்று இல்லாமல் அரசுகள் அசையாது. இதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் நம்மைச் சுடுகிறது. இந்த ‘வழக்கம்’ யாருடைய வழக்கம்? பெரிய நகரத்தில் காசு கொடுக்க முடிந்த பெண்ணுக்கு அன்றைக்கும் பாப் சோதனை இருந்தது. கூலிக்காரப் பெண்ணுக்கு இல்லாமல் போனது இயற்கையால் அல்ல. சாதியும் வர்க்கமும் சேர்ந்து ஒரு நூற்றாண்டாகக் கட்டிய இன்மை அது. அந்த இன்மையை ஆராய்ச்சி எடுத்து, அளவுகோலின் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டது. சமூகம் ஏற்கெனவே கைவிட்டவர்களைக் கைவிடுவது அறிவியல் முறையாகிவிட்டது. அமெரிக்காவில் இப்படி ஒரு பக்கத்தை ஒன்றும் தராமல் விட அனுமதி கிடைத்திருக்காது. அமெரிக்கப் பணம் இங்கே வந்தபோது கிடைத்தது.

கறுப்பினத் தோழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1840களில் அலபாமாவில் ஜே.மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அனார்கா, பெட்ஸி, லூசி என்ற அடிமைப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுத்துப் பழகித்தான் ‘நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை’ ஆனார். நியூயார்க்கில் நின்ற அவர் சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். 1951இல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் இதே கர்ப்பப்பைவாய்ப் புற்றில் இறந்தார். அவரைக் கேட்காமல் எடுத்த செல்கள் இன்றும் உலகத்து ஆய்வகங்களில் வளர்கின்றன. அவர் பெயரை உலகம் தெரிந்துகொண்டது. அம்பிளிக்கையின் 92 பேர் ஓர் அட்டவணையின் ஒரு கட்டத்தில் இருக்கிறார்கள்.

அமெரிக்க, ஐரோப்பியப் பெண்ணியர்கள் போராடியது ஆராய்ச்சியில் தங்களைச் சேர்க்கச் சொல்லி. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கும் வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கச் சொன்னது. ஆணுடம்பை அளந்து பெண்ணுக்கு மாத்திரை கொடுத்தார்கள். 1993இல் சட்டம் போட்டுத்தான் அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிகளில் பெண்களைக் கட்டாயமாகச் சேர்த்தார்கள். அந்தப் போராட்டம் சரி. ஆனால் நம் நிலை அதன் தலைகீழ். நம் பெண்கள் ஆராய்ச்சியில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள். கேள்வியை யார் கேட்பது, பணம் யாருடையது, முடிவு வந்தபின் முதலில் யாருக்குக் கிடைக்கும் என்பதில்தான் சேர்க்கப்படவில்லை.

முதலில் யாருக்குக் கிடைத்தது என்று பார்ப்போம். ஆய்வு முடிந்ததும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், கர்ப்பப்பைவாய்ப் புற்று பரிசோதனையை முன்னோட்டமாக நடத்த இரண்டு மாவட்டங்களை எடுத்தது. ஒன்று தஞ்சாவூர். இன்னொன்று நம் தேனி. 2007 முதல் 2010 வரை ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதே அமிலச் சோதனை நடந்தது. பிறகு மாநிலம் முழுக்க விரிந்தது. இதன் பலன் கணக்கெடுப்பிலேயே தெரிகிறது. 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8. இந்த அளவுக்காவது வந்தது தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறை இன்னும் உயிரோடு இருப்பதால்தான். இருந்தாலும் சான்று வந்து பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகும் பத்தில் ஒன்பது பேருக்குச் சோதனை இல்லை.

ஏன் இல்லை? பெண்கள் வெட்கப்படுகிறார்கள், விழிப்புணர்வு இல்லை என்று கருத்தரங்கில் சொல்வார்கள். 1885இல் சாதிப் பெண்ணின் வெட்கத்துக்கு ஒரு மருத்துவமனையே கட்டினார்கள். இன்று கூலிப் பெண்ணின் வெட்கத்துக்கு விழிப்புணர்வு நோட்டீஸ். உண்மைக் காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளர் நேரம் காலை. அந்நேரம் அவள் மலைமேல் சரத்தடியில் இருக்கிறாள். இறங்கி வரும்போது இருட்டிவிடும். சோதனைக்கு ஒரு நாள், ஏதோ தெரிகிறது என்றால் மறுபடி ஒரு நாள், மேல்சிகிச்சைக்கு மதுரை என்றால் இன்னும் பல நாள். ஒவ்வொன்றும் ஒரு கூலி. பெரிய மருத்துவமனைக்குப் பெண்ணை அனுப்ப நேரும்போது குடும்பமும் தயங்குகிறது. 2016இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வந்த ஏறத்தாழ 24 லட்சம் வெளிநோயாளர் வருகைகளை ஆராய்ந்தபோது, ஒரு பெண்ணுக்கு 1.69 ஆண் என்ற கணக்கில் இருந்தது. அவளுக்கு நோய் குறைவு என்பதல்ல பொருள்.

தடுப்பூசியிலும் இதே கதைதான், இன்னும் வேகமாக. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பாத் என்ற அமெரிக்க அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தோடு சேர்ந்து சிறுமிகளுக்கு எச்.பி.வி. ஊசி போட்டது. கம்மத்தில் பலர் பழங்குடிச் சிறுமிகள். விடுதிகளில் பெற்றோருக்குப் பதில் காப்பாளர்களே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். சாவுக்கு ஊசி காரணமில்லை என்றது அரசின் விசாரணைக் குழு. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதம் பெரும் முறைகேடு என்பதை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாக எழுதியது. தோழர்கள் இதைத் தடுப்பூசிக்கு எதிரான பிரச்சாரமாக மாற்றிவிட வேண்டாம். ஊசி நல்லது, நம் பிள்ளைகளுக்கு வேண்டியது. கையெழுத்துதான் தவறு.

அந்தக் கொந்தளிப்பில் 2010 ஏப்ரலில் எச்.பி.வி. ஊசி ஆராய்ச்சிகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. அதே நேரம் இன்னோர் ஆராய்ச்சி, இரண்டு ஊசி போதுமா மூன்று வேண்டுமா என்று பார்க்க, நாட்டின் ஒன்பது இடங்களில் நடந்துகொண்டிருந்தது. அதில் ஒன்று, ஆம், அம்பிளிக்கை. 17,729 சிறுமிகளுக்கு ஊசி போட்டிருந்த நிலையில் பாதியில் நின்றதால், பலர் ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள். அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில் ஒரு ஊசியே கிட்டத்தட்ட முழுப் பாதுகாப்பு தருகிறது என்று 2021இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் ஒரு ஊசி போதும் என்ற நிலைக்கு வந்தது. அதன் முதன்மையான சான்றுகளில் ஒன்று இந்தச் சிறுமிகள். பல ஏழை நாடுகளின் அரசுகளுக்கு இதனால் செலவு பாதியாகக் குறைந்தது. தமிழ்நாடு அரசு 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தது 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில். வரவேற்கிறோம். அம்பிளிக்கைச் சிறுமிகள் ஊசி போட்டுக்கொண்டு பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கே மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தலித் பெண்களின் சராசரி ஆயுள் 39 என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கையில் வந்த எண்ணை மாற்றிச் சொல்வது அது. அறிக்கை சொன்னது, ஓர் ஆய்வில் இறந்துபோனவர்களாகப் பதிவானவர்களின் சராசரி வயது. தலித் பெண்களுக்கு அது உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் குறைவு. இறந்த குழந்தைகளும் அந்தச் சராசரியில் உண்டு. ஆயுட்காலம் என்பது வேறு கணக்கு. எதிராளி ஒருவர் இந்த வேறுபாட்டைச் சொல்லி நம் மொத்த வாதத்தையும் தள்ளிவிட இடம் தரக்கூடாது. நம்மிடம் சரியான எண் இல்லாததற்கும் காரணம் இருக்கிறது: நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைகள் வயது, பால், உறுப்பு, பகுதி என்று பிரித்துத் தரும், சாதி என்று தருவதில்லை. எண்ணாததை நிரூபிக்கச் சொல்வது பழைய தந்திரம்.

அதனால் தேனி, திண்டுக்கல் தோழர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும்போது, எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தீர்கள் என்ற முதல் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அம்பிளிக்கையிலேயே, அத்தனை பணமும் கவனமும் இருந்த ஆராய்ச்சியிலேயே, முன்புற்றுப் புண் இருந்தது தெரிந்தவர்களில் 72 விழுக்காட்டினர்தான் சிகிச்சை வரை போனார்கள். எத்தனை பேருக்குப் புண் தெரிந்தது, அவர்களில் எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள், அவர்களில் பட்டியல் சாதிப் பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒன்றியம் வாரியாகக் கேளுங்கள்; மாவட்ட மொத்தத்தில் போடி ஒன்றியம் மறைந்துபோகும்.

ஊசி 14 வயது மகளுக்கு. அவளுடைய அம்மாவுக்கு அந்த வயது கடந்துவிட்டது. அவளுக்கு இருப்பது அமிலச் சோதனைதான், அல்லது இப்போது வந்திருக்கும் எச்.பி.வி. சோதனை. மாதத்தில் ஒரு நாள், மாலை ஆறு மணிக்கு மேல், ஜீப் வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்தைத் திறந்து வைத்து, ஒரு பெண் செவிலியரை உட்காரவைக்கச் சொல்லிக் கேட்போம். புண் தெரிந்தால் அன்றைக்கே உறையவைத்து அழிக்கிற கருவியும் அங்கேயே இருக்க வேண்டும். சிகிச்சைக்குப் போகிற நாளுக்குக் கூலி இழப்பீட்டை, ஏலக்காயை ஏலம் விடுகிற நறுமணப் பொருள் வாரியமும் இரண்டு மாநிலத் தொழிலாளர் துறைகளும் யார் தருவது என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும்.